தே-ஓ நிறத்தில் ஒரு மலை ஓடை

கேள்வி: ஐயா, ஜூன் விடுமுறையில் இங்கிலாந்தில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். வட பென்னைன் மலைப்பக்கம் நடந்தபோது ஓடைத் தண்ணீர் அச்சு அசல் தே-ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், மாதிரி இருந்தது. விடுதி நடத்தும் பெரியவர், "என் சின்ன வயதில் இவ்வளவு கறுப்பு இல்லை" என்றார். மேலே ஆலை எதுவும் கிடையாது. புவி வெப்பமடைவதுதான் காரணமா?
- ஒரு வாசகி, ஈசூன்

பதில்: அம்மா, முப்பது வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குடுவை கழுவியவனிடம் கேட்டுவிட்டீர்கள். பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் பார்த்தது அழுக்கல்ல. அந்த மலைத்தலைகளில் கிடப்பது பீட் மண். மழையும் குளிரும் ஓயாத இடத்தில் பாசியும் புல்லும் செத்தால் முழுசாக மக்காது. ஊறியபடியே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேரும். அதன் சாறுதான் ஓடையில் இறங்குகிறது. இப்படிப்பட்ட நீரை 0.45 மைக்ரான் வடிதாளில் ஊற்றினால் துகளெல்லாம் தங்கிவிடும், நிறம் மட்டும் நழுவிக் கீழே போய்விடும். அப்படி இறங்கிய நீரில் அளப்பதுதான் கரைந்த கரிமக் கார்பன்.

பெரியவரின் ஞாபகம் சரி. பிரிட்டனின் மேட்டுநில நீர்களில் இந்தக் கரைந்த கார்பன் 12 ஆண்டுகளில் 65 விழுக்காடு கூடியதாக 2001இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. அது கை காட்டியது, உங்களைப் போலவே, வெப்பத்தைத்தான். 2007இல் அதே இதழில் டான் மான்டீத் குழுவினர் எழுதினார்கள். வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் 522 ஏரி, ஓடைகளின் 1990 முதல் 2004 வரையிலான கணக்கைப் பார்த்தால், முக்கியக் காரணம் காற்று முன்பைவிடச் சுத்தமாகிவிட்டதுதான் என்று! நான் முதலில் நம்பவில்லை.

கோப்பிக் கடையில் தே-ஓவில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள், நிறம் வெளுக்கும். நிலக்கரிப் புகையின் கந்தகம் அமில மழையாக இறங்கிய காலத்தில் பீட்டுக்கும் கிட்டத்தட்ட இந்தக் கதிதான். தேநீரில் நிறம்தான் மாறுகிறது. மண்ணிலோ அமிலமும் சல்பேட்டும் ஏறினால் அந்தக் கரிமப் பொருளே திரண்டு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஓடை தெளியும். கந்தகப் புகையைக் கட்டுப்படுத்தியதும் அந்தப் பிடி விட்டது. ஆக, பெரியவர் சின்ன வயதில் பார்த்த தெளிந்த நீர்தான் நோய்ப்பட்ட நீர்.

வெப்பத்தை விடுதலை செய்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் பீட்டுக்குள் காற்று புகும், நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகும், கரையக்கூடிய சரக்கு கூடும். ஆனால் காற்று பட்டதும் பீட்டில் புதைந்திருக்கும் கந்தகமும் அமிலமாகிவிடுமே! அதனால் வறட்சி நடக்கும்போது ஓடை சில சமயம் வெளுத்தே இருக்கும். பின்னால் மழை கொட்டும்போதுதான் கணக்குத் தீரும். பெருமழை நீர் மேலடுக்கு பீட் வழியாகவே ஓடுவதால் சாறும் அதிகம். நீங்கள் அக்டோபரில் போயிருந்தால் 'தே-ஓ கௌ'வே, அதாவது கடுந்தேநீரே, பார்த்திருக்கலாம். மேய்ச்சலுக்காக வெட்டிய வடிகால்கள், புதரை எரிப்பது ஆகியவற்றின் பங்கு மலைக்கு மலை வேறு.

குடித்தால் ஆபத்தா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்தச் சாறு கிடக்கும் நீரில் குளோரின் போட்டால் டிரைஹேலோமீத்தேன் என்னும் வேண்டாத சேர்மங்கள் உண்டாகும். ஆகவே முதலில் படிகாரம் போன்ற உப்பைப் போட்டுத் திரளவைத்து வடிப்பார்கள். ஆறு குடுவையை வரிசையாக வைத்து ஆறு அளவில் போட்டுக் கலக்கி, எதில் நிறம் இறங்குகிறது என்று பார்ப்பது என் காலை வேலை. நிறம் கூடினால் மருந்துச் செலவும் கூடும்.

கேள்வி: நம் கடலிலும் பீட் சாறு உண்டு என்கிறார்களே?
- ஒரு வாசகர், பிடோக்

பதில்: உண்டு. மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில், சுமத்ராவின் பீட் நிலத்து ஆறுகள் கொண்டுவருவதை நீரோட்டம் சிங்கப்பூர் நீரிணைக்குத் தள்ளுகிறது. பவளங்களுக்கு வெளிச்சம் குறையும். அது மலையல்ல, தாழ்நிலம். அங்கே குற்றவாளி அமில மழையல்ல, தோட்டங்களுக்காக வெட்டிய வாய்க்கால்கள். 2015 புகைமூட்டத்தில் நாம் சுவாசித்ததும் அப்படிக் காய்ந்த பீட் எரிந்த புகைதான்.