ஜி.ஐ. தகட்டில் டீசல் டேங்க் செய்யலாமா?

பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் எழுதிய கடிதங்களில், டேங்க் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். நாமக்கல்லில் என் பட்டறைக்கு வருகிறவர்களும் இப்போது இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2006 மாடல் டாடா 207 டிஐ. பண்ருட்டியிலிருந்து கோயம்பேட்டுக்குப் பலாப்பழ லோடு அடிக்கிறேன். வாரம் ஒருமுறை புதுச்சேரிக்கும் லோடு உண்டு. அங்கே டீசல் விலை குறைவு. 100 லிட்டர் பிடிக்கிற இன்னொரு டேங்க் மாட்டி, அங்கேயே நிரப்பிக்கொண்டு வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் ஜி.ஐ. தகட்டில் செய்து தருகிறார்களாம். துருவே பிடிக்காது என்கிறார்கள். பழைய டேங்கோடு அடியில் ஒரு பைப் கொடுத்துச் சேர்த்துவிட்டால் போதுமாம். இப்போதுள்ள டேங்கில் 50 லிட்டருக்கு மேல் பிடிக்கும், லிட்டருக்கு 10 கி.மீ. கிடைக்கிறது. செய்யலாமா?
— பலாப்பழ வியாபாரி, பண்ருட்டி

பதில்: தம்பி, முதலில் தகட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜி.ஐ. வேண்டவே வேண்டாம். ஜி.ஐ. என்பது இரும்புத் தகடுதான்; துரு பிடிக்காமல் இருக்க அதன்மேல் துத்தநாகம் பூசியிருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அது சரி. டீசலில் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள பொருள்கள் இருக்கும். டீசல் நாள்பட நின்றால் இன்னும் கூடும். அவை துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரியான ஒரு பொருளாக மாறி டீசலிலேயே கலந்து வரும். அப்படி ஒரு வண்டியில் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், விபூதியைக் குழைத்துப் பூசியது போல மடிப்புக்கு மடிப்பு அப்பியிருக்கும். ஃபில்டரை மாற்றினாலும் கொஞ்ச நாளில் மறுபடி அடைக்கும். ஃபில்டரைத் தாண்டிப் போனது, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் முனையில் படியும். அப்புறம் புகை, இழுவைக் குறைவு, பம்ப் கடைக்குச் செலவு. துருவுக்குப் பயந்து செய்த வேலை எஞ்சினில் கொண்டுபோய் நிறுத்திவிடும். செம்புக் குழாயும் அப்படித்தான். டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். சாதா இரும்புத் தகடு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் இவற்றில் எதுவானாலும் சரி.

அடுத்து, அந்த அடி பைப். இரண்டு டேங்குக்கும் நடுவில், சேஸுக்குக் கீழே ஒரு குழாய் தொங்குகிறது என்றால், பலாத்தோப்புக்குள் ஏற்றி இறக்கும்போது ஒரு கல்லோ வேரோ தட்டினால் போதும். இரண்டு டேங்க் டீசலும் சேர்ந்து தரையில் போகும். அது மட்டுமா? சரிவில் ஒருபக்கமாக நிறுத்தினால் மேட்டிலிருக்கிற டேங்க் பள்ளத்து டேங்கில் இறங்கி, மூடி வழியே வழியும்.

பட்டறைக்காரர் ரிட்டர்ன் பைப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? டீசல் எஞ்சினில் பம்ப்புக்குப் போகிற டீசல் அத்தனையும் எரிவதில்லை. மிச்சம், பம்ப்பையும் நாசிலையும் குளிர்வித்துக்கொண்டு சூடாக டேங்குக்கே திரும்புகிறது. ஒரு டேங்கிலிருந்து உறிஞ்சி இன்னொரு டேங்குக்கு ரிட்டர்ன் கொடுத்துவிட்டால், ஒன்று காலியாகும், மற்றது நிரம்பி வழியும். சும்மா ஒரு வால்வு போட்டு டேங்க் மாற்றுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். உறிஞ்சுகிற பைப்பும் (சக்ஷன்) ரிட்டர்னும் சேர்ந்தே மாறவேண்டும். அதற்கென்று ஆறு வழி வால்வு இருக்கிறது.

அந்த வால்வுகூட இல்லாமல் சுலபமாக ஒரு வழி உண்டு. எஞ்சின் எப்போதும் பழைய டேங்கிலிருந்தே எடுக்கட்டும், பழைய டேங்குக்கே திரும்பட்டும். அந்தப் பக்கத்தில் எதையும் தொடாதீர்கள். புதியது வெறும் இருப்பு டேங்க். பழையது பாதிக்குக் கீழே வந்ததும், ஒரு சின்ன 12 வோல்ட் டீசல் பம்ப் வழியாக இதிலிருந்து அதற்கு ஏற்றிக்கொள்ளலாம். பம்ப்புக்கு முன்னால் ஒரு வலைச் சல்லடை, வயரில் ஒரு ஃபியூஸ் கட்டாயம். சுவிட்சு மட்டும் விரலால் அழுத்திப் பிடித்தால் ஓடுகிற, விட்டால் நிற்கிற வகையாக இருக்கட்டும். சாதா சுவிட்சு போட்டால் ஒருநாள் டீக்கடையில் பேச்சு சுவாரசியத்தில் மறந்து, ரோட்டில் டீசலைக் கொட்டுவீர்கள். பின்னால் குழந்தையை உட்காரவைத்து டூவீலரில் வருகிறவர் அதில் சறுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

டேங்குக்குள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும், அவற்றின் அடியில் டீசல் போக ஓட்டைகளோடு. இல்லாவிட்டால் பிரேக் போடும்போது மொத்த டீசலும் முன்பக்கம் போய் மோதும். நாளடைவில் மூலைத் தையல் விடும். உறிஞ்சும் குழாய் அடித்தகட்டைத் தொடக்கூடாது. ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். தண்ணீரும் வண்டலும் அடியில்தான் தங்கும், அதை வடிக்க ஒரு டிரெய்ன் போல்ட் வையுங்கள். காற்றுப்போக்குக் குழாய் மேலே வேண்டும். கழுத்துவரை நிரப்பவும் கூடாது. டீசல் சூட்டில் விரியும்: விடிகாலையில் நிரப்பிய 100 லிட்டர், பண்ருட்டி வெயிலில் 20 டிகிரி சூடு கூடினால் ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடிவிடும். அதற்கு இடம் வேண்டாமா? சைலன்சர் பக்கம் வேண்டாம், பின்சக்கரத்தைச் சுழற்றுகிற புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு அருகிலும் வேண்டாம். கட்டுப் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் ரப்பர் பட்டை கொடுக்காமல் விட்டால், உரசி உரசி அந்த இடத்திலேயே ஓட்டை விழும்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு கணக்கையும் கேட்கிறேன். பண்ருட்டி–கோயம்பேடு போகவர ஏறக்குறைய 360 கி.மீ. உங்கள் மைலேஜுக்கு 36 லிட்டர். லோடோடு போவதால் 40 என்றே வைத்துக்கொள்வோம். இருக்கிற டேங்க் ஒரு நடைக்குத் தாராளமாகப் போதும். புதுச்சேரி விலையில் கிடைக்கிற ஆதாயம் வாரத்துக்கு அந்த 100 லிட்டரில் மட்டும்தான். டீசல் லிட்டர் 830 கிராம் சுமார். 100 லிட்டர் 83 கிலோ. டேங்க், தாங்குசட்டம் எல்லாம் சேர்த்தால் 100 கிலோவைத் தாண்டும். நல்ல பலாப்பழம் பத்து இறக்கிவைக்கவேண்டியிருக்கும், இல்லையா? டேங்க் செலவு, பம்ப் செலவு, அந்தப் பத்துப் பழத்தின் வருமானம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் பார்த்தவரை உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. காலி எடை ஆர்.சி.யில் இருக்கிறது, டேங்க் மாட்டினால் அது கூடும். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டவேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் சேஸில் தொங்குகிற புது டேங்க் படாமல் போகாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்வியும் அதுவாக இருக்கும். செய்துதான் ஆகவேண்டும் என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் பட்டறைக்குப் போங்கள்.

கேள்வி: என் கணவர் பழைய மஹிந்திரா பிக்கப்பில் காய்கறி ஏற்றுகிறார். டேங்க் அடியில் சொட்டுச் சொட்டாக டீசல் கசிகிறது. "டேங்கைக் காலி செய்து ரெண்டு நாள் வெயிலில் வைத்துக் கொண்டுவாங்க, பத்தவெச்சுத் தர்றேன். பெட்ரோல் மாதிரி டீசல் தீப்பிடிக்காது" என்று வெல்டிங் கடையில் சொல்கிறார்கள். எனக்கு என்னமோ பயமாக இருக்கிறது.
— வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அந்த வெல்டிங் தம்பியிடமும் காட்டச் சொல்லுங்கள். அவர் உயிரும் இதில் இருக்கிறது.

நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. டீசல் இருந்த இடத்தில் இப்போது ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது. நம் நாட்டு டீசலுக்கு, தீப்பற்றும் அளவு ஆவி எழும்பும் சூடு குறைந்தது 35 டிகிரி இருக்கவேண்டும் என்பதுதான் தர நிர்ணயம். வெயிலில் வைத்த இரும்பு டேங்க் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆக, காயவைக்கிறேன் என்று வெயிலில் வைப்பது ஆவியை எழுப்பிவிடுகிற வேலை. அது போகட்டும், முழுக்கக் காய்ந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். தகடு மடிந்து சேர்கிற தையல்களுக்குள்ளும் துருவுக்கு அடியிலும் டீசல் ஊறிக்கிடக்கும். வெல்டிங் சூடு பட்டதும் அது ஆவியாகி உள்ளே நிரம்பும். அதே இடத்தில் நெருப்பும் இருக்கிறது. மூடிய டேங்க் வெடித்தால் பக்கத்தில் குனிந்திருக்கிறவர் முகத்தில்தான் அடிக்கும்.

பற்றவைக்கவே கூடாதா என்றால், அதற்கென்றே வேலை செய்கிற கடைகள் உண்டு. டேங்கைக் கழற்றி, டீசல் அளவு காட்டுகிற மிதவையையும் மூடியையும் எடுத்து, சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, நீண்ட நேரம் நீராவி விட்டுத்தான் தொடுவார்கள். அப்படிச் செய்கிற கடையா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆனால் என் யோசனை வேறு. அடியில் ஓட்டை விழுந்தது என்றால், உள்ளே தண்ணீர் தங்கித் தங்கித் தகடு அரித்திருக்கிறது என்று அர்த்தம். இன்று ஒன்றை அடைத்தால் மழைக்காலத்தில் பக்கத்திலேயே இன்னொன்று வரும். கம்பெனி டேங்க் புதிதாகவோ, நல்ல நிலையில் பழையதாகவோ வாங்கி மாட்டச் சொல்லுங்கள். சட்டத் தொல்லையும் இல்லை.

அதுவரை சந்தைக்குப் போய்வர: கசியும் இடத்தைத் துணியால் துடைத்து, துணி துவைக்கிற சோப்புக் கட்டியை அழுத்தித் தேய்த்தால் கசிவு நிற்கும். சோப்பு டீசலில் கரையாது. வீடு வந்து சேருகிறவரைக்கும்தான் இது. தகட்டைச் சொரசொரப்பாகத் தேய்த்து எபாக்ஸியைப் பிசைந்து ஒட்டினால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம்.

கேள்வி: டேங்க் துருப்பிடித்ததால் வேறு வண்டியின் டேங்கை வாங்கி என் பிக்கப்பில் மாட்டினேன். இப்போது கொஞ்ச தூரம் ஓடியதும் எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. சிறிது நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. முள் பாதி டேங்க் காட்டும்போதே டீசலும் தீர்ந்துவிடுகிறது.
— டிரைவர், மணப்பாறை

பதில்: அடுத்தமுறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் காற்றுப்போக்கு அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வரவேண்டும். வராவிட்டால் பம்ப்பால் இழுக்க முடியாது. குழாயைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது அந்த டேங்குக்கு உரிய மூடியைப் போடுங்கள்.

சத்தம் வரவில்லையா? ஃபில்டருக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி போலத் தெரிகிற டீசல் ஹோஸை இடையில் மாட்டி எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டும் கசியாது. அதனால்தான் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. ஹோஸ் கிளாம்புகளையும் வாஷர்களையும் மாற்றுங்கள். குமிழும் இல்லை என்றால் உறிஞ்சும் குழாயின் சல்லடையில் துரு அடைத்திருக்கும்.

முள் விஷயம் தனி. மிதவையும் மீட்டரும் ஜோடி. வேறு வண்டி மிதவை உங்கள் மீட்டருக்குப் பொருந்தாது. உங்கள் பழைய மிதவையை இந்த டேங்கின் ஆழத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். அதுவரை ஒரு குச்சியில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி ஊற்றிக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, அளந்து பார்த்துக் கிளம்புங்கள்.

கேள்வி: துரு வராமல் இருக்க டேங்குக்குள் பெயின்ட் அடிக்கலாமா?
— வாசகர், தாராபுரம்

பதில்: சாதா பெயின்ட் கூடாது. டீசலில் ஊறி உரிந்து சல்லடையை அடைக்கும். இரவில் டேங்கைக் காலியாக நிறுத்தாதீர்கள். காலி இடத்துக் காற்றின் ஈரம்தான் குளிர்ந்து தண்ணீராகிறது. மாதம் ஒருமுறை, வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு, அசைப்பதற்கு முன் டிரெய்ன் போல்ட்டைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். சுத்தமான டீசல் வருகிறவரை வடித்துவிட்டு முடுக்கிவிடுங்கள்.