கறுப்பினப் பேராசிரியைகள் ஏன் வருவதில்லை?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணிபுரியும் தமிழ் வாசகி கேட்கிறார்: "எங்கள் பெண் பேராசிரியர் குழுவை ஒருங்கிணைக்கிறேன். பெரும்பாலோர் வெள்ளையர். கறுப்பினப் பேராசிரியைகள் இருவரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் என்ன குறை என்று அவர்களையே அழைத்துப் பேசச் சொல்லலாமா?"

வேண்டாம். அது அவர்கள் தலையில் கட்டும் இன்னொரு கூலியில்லா வேலை. வெள்ளையினப் பெண்களுக்குப் பாடம் நடத்துவதிலேயே தங்கள் சக்தி கரைவதாகக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1979-இல் நியூயார்க் பெண்ணிய மாநாட்டு மேடையிலேயே சாடினார். அந்த மாநாட்டுக்கே கறுப்பினப் பெண்களைக் கடைசி நேரத்தில்தான் தேடிப் பிடித்திருந்தார்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2018-இல் அமெரிக்க உயர்கல்வியின் முழுநேர ஆசிரியர்களில் வெள்ளையினப் பெண்கள் 35 சதவீதம். கறுப்பினப் பெண்கள் 3 சதவீதம். துறைக்கு ஒருவர் இருந்தாலே அதிகம் என்பதால், பன்மைத்துவம் பேசும் குழு எதுவானாலும் அவர் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். மனம் உடைந்த மாணவர்களும் அவர் அறையைத்தான் தேடி வருகிறார்கள். உளவியலாளர் அமாடோ படியா 1994-இல் இதைப் 'பண்பாட்டு வரி' என்றார். பதவி உயர்வுக் குழுவோ ஆய்வுக் கட்டுரைகளைத்தான் எண்ணும். ஆகவே கடந்த சில ஆண்டுகளின் குழுப் பட்டியலைத் துறைத் தலைவர் முன் வையுங்கள். யார் தோளில் எத்தனை என்பது தெரிந்துவிடும். அவற்றில் இரண்டையாவது வெள்ளையின உறுப்பினர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

அடுத்தது கூட்டங்கள். கறுப்பினப் பேராசிரியை சொன்ன யோசனையை யாரும் கண்டுகொள்வதில்லை. கால் மணி நேரம் கழித்து அதையே வேறொருவர் சொன்னதும் 'அருமை' என்கிறார்கள். "இதை அவர் முன்பே சொன்னார், அவரே விளக்கட்டும்" என்று அங்கேயே வாய் திறக்க வேண்டும். கூட்டக் குறிப்பில் அவர் பெயர் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு தாழ்வாரத்தில் காதோடு "நான் உங்கள் பக்கம்தான்" என்றால், சொன்னவர் மனம் ஆறும், அவ்வளவுதான். குறை சொன்னதும் கண்கலங்கும் வெள்ளையினப் பெண்களும் உண்டு. உடனே அறை முழுவதும் அவர்களைத் தேற்றப் போய்விடும், குறை அப்படியே கிடக்கும்.

வெள்ளையர் அல்ல என்பதால் நீங்கள் நடுவர் ஆகிவிட முடியாது. அதே கூட்டங்களில் நீங்களும்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இவ்வளவும் நடந்த பிறகு அழையுங்கள். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். இருவரில் ஒருவருக்குப் பணி நிரந்தரப் பரிசீலனை நெருங்குகிறது என்றால், குழுப் பட்டியல் வேலையை இந்தப் பருவத்திலேயே முடித்துவிடுங்கள். கோப்பு போன பிறகு அதனால் பயனில்லை.