ஜிப்சிக்குப் பெரிய டயர் போடலாமா?

கேள்வி: 1998 மாருதி ஜிப்சி கிங் வைத்திருக்கிறேன். வீடு கோத்தகிரி. 205/70 ஆர்15 டயர் தேய்ந்துவிட்டது. பழைய ஜீப் வீல் ஒரு செட் மலிவாகக் கிடைக்கிறது. அதில் 235/75 போட ஆசை. சரியா வரும்ங்களா?

பதில்: ஜீப் வீலின் அஞ்சு ஓட்டையும் உங்கள் வண்டியில் பொருந்தும், ரெண்டுக்கும் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ.தான். அதை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். நடு ஓட்டை ஹப்பில் ஏறுகிறதா, ஆஃப்செட் (ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) எவ்வளவு என்று ஒரு வீலையாவது மாட்டிப் பாருங்கள். நட்டு உட்காரும் இடத்தைச் சுற்றித் துருவைச் சுரண்டி, விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

235/75 டயர் உங்களுடையதைவிட 65 மி.மீ. உயரம். மீட்டர் 60 காட்டினால் நிஜத்தில் 66 போவீர்கள். அதைவிடத் தொல்லை, மேட்டுப்பாளையம் இறக்கத்தில் செகண்ட் கியரில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் பிடிமானம் குறையும். ரிம்மும் 6 அங்குல அகலமாவது வேண்டும். நானாக இருந்தால் 215/75 போடுவேன், 5.5 அங்குல ரிம்மிலேயே உட்காரும், உயரம் 35 மி.மீ.தான் கூடும்.

ஒரு டயரை மட்டும் முன்னால் மாட்டி, லீஃப் ஸ்பிரிங்கிலும் மட்கார்டு உள்பக்கமும் சாக்பீஸ் தேயுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு கல்மேல் ஏற்றி இறக்குங்கள். சாக்பீஸ் எங்கே அழிகிறதோ அங்கே டயர் உரசுகிறது. மறுபக்கமும் இப்படியே.

ஸ்டெப்னியும் அதே சைஸ்தான் வேண்டும். பின்கதவுக் கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாவம், அதற்கும் வயதாகிவிட்டது.