கேள்வி – பதில்: முதலில் ஆபரேஷனா, கீமோவா?

சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் மனைவியருக்குத் துணையாக இருக்கும் கணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் மனைவிக்கு 52 வயது. வயிறு உப்பிக்கொண்டே போனதால் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு சினைப்பையிலும் கட்டி, வயிற்றில் நீர், ரத்தத்தில் சி.ஏ.125 (இந்தப் புற்றுநோயில் உயரும் புரதம்) அளவு 1,240. மூன்றாம் ஸ்டேஜ் என்கிறார்கள். ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் மூன்று கீமோ கொடுத்த பிறகுதான் ஆபரேஷன் என்கிறார். மைத்துனர் ஒரு பக்கம் இழுக்கிறார், நான் ஒரு பக்கம். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், திருச்சி)

பதில்: இருவர் சொல்வதும் நடைமுறையில் இருக்கும் வழிகள்தான். எது உங்கள் மனைவிக்குப் பொருந்தும் என்பதற்கு ஒரு திறவுகோல் இருக்கிறது. இந்த ஆபரேஷனில் சினைப்பை, கர்ப்பப்பை, குடலின் மேல் தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்புத் திரை, வயிற்றுச் சவ்வில் ஒட்டிய துணுக்குகள் என்று கண்ணில் படும் நோய் அத்தனையும் வெளியே வர வேண்டும். மிச்சம் எதுவும் இல்லாவிட்டால்தான் முழுப் பலன். பாதியை எடுத்துவிட்டு மூடினால் ஆபரேஷனின் வலியும் மிஞ்சும், நோயும் மிஞ்சும். அதனால் இரண்டு டாக்டர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இப்போது திறந்தால் மிச்சமில்லாமல் எடுக்க முடியும் என்று நினைக்கிறீர்களா? முடியாதென்றால், ஸ்கேனில் எந்த இடம் தடையாக இருக்கிறது?"

சிறுகுடலின் வேர்ப் பகுதி நெடுகப் பரவியிருப்பது, கல்லீரலுக்குள் நோய் இருப்பது, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பது, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் மிகவும் குறைந்திருப்பது, காலில் ரத்தக்கட்டி இருப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தராசு கீமோ பக்கம் சாயும். உடம்பு தெம்பாக இருந்து, எடுக்கக்கூடிய அளவில் நோய் இருந்தால், பல பெரிய மையங்கள் முதலில் ஆபரேஷனையே விரும்புகின்றன. 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்விலும் 2015இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்விலும் இரண்டு வழியிலும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கீமோ முதலில் பெற்றவர்களுக்கு ஆபரேஷன் சிக்கல்கள் குறைவு. ஆகவே, "கீமோ முதலில் என்றால் கைவிட்டுவிட்டார்கள்" என்று உறவினர் சொல்வதை நம்ப வேண்டாம்.

கீமோ முதலில் என்று முடிவானால் ஒன்றில் கவனமாக இருங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் மருந்துகள். மூன்று தவணைக்குள் வயிறு வற்றி, சி.ஏ.125 மளமளவென்று இறங்கி, சாப்பாடு இறங்க ஆரம்பிக்கும். அப்போதுதான் வீட்டில் "நல்லாத்தானே இருக்கா, இப்போ எதுக்குக் கத்தி?" என்ற பேச்சு எழும். அங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். மூன்றாம் தவணை முடிந்து மூன்று நான்கு வாரத்தில் ஆபரேஷன், பிறகு மீதி மூன்று கீமோ என்பதுதான் திட்டம். ஆபரேஷன் தேதியை இரண்டாம் தவணையின்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

எந்தக் கீமோவுக்கும் முன்னால் பயாப்ஸி, அதாவது திசுவைத் துளி எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, வேண்டும். வயிற்றில் நீர், உயர்ந்த சி.ஏ.125, சினைப்பையில் வீக்கம் மூன்றும் வயிற்றுக் காசநோயிலும் வரும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. குடல், இரைப்பைப் புற்றுநோய் சினைப்பைக்குப் பரவியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. சி.ஏ.125ஐ சி.இ.ஏ. எண்ணால் வகுத்தால் 25க்கு மேல் வருவது சினைப்பைப் பக்கம் கை காட்டும். ஆனால் நோய் ஒரே சினைப்பைக்குள் அடங்கியிருப்பதாகத் தெரிந்தால் அதில் ஊசி குத்தக் கூடாது. உடைந்து சிந்தினால் ஸ்டேஜே ஏறிவிடும். அப்போது முழுதாக எடுத்துத்தான் பரிசோதிப்பார்கள்.

ஆபரேஷன் செய்பவர் கைனக் ஆன்காலஜிஸ்ட்டாக (பெண் உறுப்புப் புற்றுநோய் நிபுணர்) இருக்க வேண்டும். வழக்கமான கர்ப்பப்பை ஆபரேஷனோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம். குடலை வெட்டி இணைக்க நேருமா, மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க நேருமா, ஐ.சி.யூ.வில் எத்தனை நாள், எத்தனை யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது கருத்து வாங்கப் போகும்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது. சி.டி. ஸ்கேனின் படங்கள் உள்ள டிஸ்க், பயாப்ஸி ஸ்லைடுகள், திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக் எல்லாம் கையில் இருக்கட்டும். பிளாக் உங்கள் மனைவியின் உடம்பிலிருந்து எடுத்தது. ஆய்வகத்தில் எழுதிக் கேட்டால் தருவார்கள். குடல் அடைப்போ மூச்சுத்திணறலோ இல்லாதவரை, இதற்காக ஒரு வாரம், பத்து நாள் செலவாவதால் குடி முழுகிப் போகாது. இரண்டு மாதம் அலைந்தால்தான் தப்பு. கடைசியாக, உங்கள் கடிதத்தில் மைத்துனர் கருத்து இருக்கிறது, உங்கள் கருத்து இருக்கிறது. உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்ற வரியைக் காணோம்.

கேள்வி: அவளுக்குக் கேன்சர் என்று இன்னும் சொல்லவில்லை. 'கட்டி' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் உடைந்துவிடுவாள். கடைசிவரை இப்படியே சமாளிக்க முடியுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: முடியாது. கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் "உங்களுக்கு எந்த இடத்துல?" என்று கேட்ட அடுத்த நிமிடம் தெரிந்துவிடும். தலைமுடி கொட்டத் தொடங்கும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் எப்படியும் தெரியும். அந்தச் சமயத்தில் தெரிய வந்தால் நோயோடு சேர்த்து உங்கள் மேலுள்ள நம்பிக்கையும் போகும். ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

அத்தனையையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "டாக்டர் எல்லாத்தையும் உன்கிட்டயே சொல்லட்டுமா, இல்ல முக்கியமானதை மட்டும் சொன்னா போதுமா?" என்று கேளுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவரே சொல்வார். சொல்லும்போது டாக்டர் இருக்கட்டும், கூட்டம் வேண்டாம். "சரியாயிடும்" என்று அவசரமாக மூடிவிடாதீர்கள், அவர் அழுது முடிக்கட்டும். "எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். அப்படிச் சொன்னாலும் மூன்று விஷயங்களில் அவர் வாயாலேயே பதில் வாங்குங்கள்: வயிற்றில் பை வைக்க நேர்ந்தால் சம்மதமா, மரபணுப் பரிசோதனை செய்யலாமா, உடம்பு தாங்காத நிலை வந்தால் எதுவரை சிகிச்சை தொடர வேண்டும். இளம் வயது என்றால் குழந்தைப்பேறு பற்றிய கேள்வி இவற்றுக்கெல்லாம் முன்னால் வரும்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். தினமும் ஓர் ஊசி நானே போட வேண்டும் என்றார்கள். அடுத்து கீமோவும் இருக்கிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? (வாசகர், மதுரை)

பதில்: அது ரத்தக்கட்டி வராமல் தடுக்கும் எனாக்ஸாபாரின் ஊசியாக இருக்கும். பெரும்பாலும் 28 நாள். வலி இல்லை என்பதற்காக நடுவில் நிறுத்த வேண்டாம். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தையலிலிருந்து விலகி, இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். சிரிஞ்சில் தெரியும் காற்றுக்குமிழியை வெளியே தள்ள வேண்டாம், அது அங்கே இருக்க வேண்டியதுதான். தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேராக முழுதாக இறக்கி, மருந்து தீரும்வரை மடிப்பை விடாதீர்கள். பிறகு பஞ்சால் லேசாக அழுத்தினால் போதும். தேய்த்தால் நீலம் பாரிக்கும்.

கீமோவில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். 100.4 டிகிரி காட்டினால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று மறையாது. யாரோ கொண்டுவந்து கொடுக்கும் பெயர் தெரியாத லேகியமும் வேண்டாம். கல்லீரல் என்சைம் ஏறினால் அடுத்த கீமோ தள்ளிப்போகும்.

விரல் மரத்துப்போவதைப் பெண்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம். சேஃப்டி பின் குத்தத் தடுமாறுகிறாரா, கால் செருப்பு நழுவியது தெரியாமல் நடக்கிறாரா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அடுத்த தவணைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். பாக்ளிடாக்சல் அளவை மாற்றவோ வேறு மருந்து தரவோ வழி இருக்கிறது. தாமதித்தால் மரப்பு நிரந்தரமாகலாம்.

கேள்வி: பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். வெளியே தெரிந்தால் வரன் வருமா? இது அவசியமா? (வாசகர், சேலம்)

பதில்: அவசியம். முதல் காரணம் உங்கள் மனைவியேதான். இந்த நோய் வந்தவர்களில் ஐந்தாறு பேரில் ஒருவருக்கு பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் நோய்க்கு வழிவிடும் மாற்றம் இருக்கிறது. இருந்தால், கீமோவுக்கு நோய் அடங்கிய பிறகு அது திரும்புவதைத் தள்ளிப்போட ஓலாபாரிப் மாத்திரை இரண்டு ஆண்டு தரலாம். இந்த மாத்திரை பற்றி 2018இல் முதல் முடிவு வந்த ஆய்வைத் தொடர்ந்து கவனித்தபோது, ஏழு ஆண்டு கழித்து மாத்திரை பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 46.5 சதவீதம். பரிசோதனை முடிவு வரச் சில வாரமாகும். கீமோ முடியும்வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே ரத்தம் கொடுத்துவிடுங்கள். மாத்திரை தொடங்கினால் ரத்தசோகை வரலாம், முதல் ஆண்டில் மாதாமாதம் ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும்.

பரிசோதனை முடிவு உங்கள் மனைவிக்குச் சொந்தம், மருத்துவமனை ஊருக்குச் சொல்லாது. அவருக்கு மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன் இருந்தால் அவருக்கும்தான். பெண்கள் பரிசோதிப்பதா, எப்போது என்பது வளர்ந்த அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. மாற்றம் உள்ளவர்கள் குழந்தை பெற்ற பிறகு, பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40 முதல் 45 வயதுக்குள் கருக்குழாயையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் இந்த நோயின் ஆபத்து வெகுவாகக் குறையும். வரன் பேச்சுக்காக இதை மறைத்தால் இழப்பு அந்தப் பெண்களுக்குத்தான்.

கேள்வி: முதல்வர் காப்பீட்டில் செலவு கிடைக்குமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் இருந்தால் அட்டை வாங்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும், கட்டணம் கட்டிய பிறகு பில்லை நீட்டினால் நடக்காது. சிகிச்சைக்கு ரயிலில் போனால் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கேளுங்கள்.

கேள்வி: சிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டு. சி.ஏ.125 அளவு 12இல் இருந்து 48 ஆகிவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, அவளும் வீட்டு வேலையெல்லாம் செய்கிறாள். டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். எனக்குத் தூக்கமில்லை. உடனே கீமோ கேட்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: டாக்டர் சொல்வதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. இதே கேள்விக்காக 529 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. எண் ஏறியதுமே கீமோ தொடங்கிய குழுவும், அறிகுறி வந்த பிறகு தொடங்கிய குழுவும் ஒரே அளவு காலம்தான் வாழ்ந்தார்கள். முன்கூட்டித் தொடங்கியவர்களுக்கு மிஞ்சியது கூடுதல் மாதங்கள் கீமோ மட்டுமே.

அதற்காக எண்ணைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. அதே ஆய்வகத்தில் சில வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். முதல் சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆனதால், நோய் திரும்பினாலும் கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்து மறுபடி வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஸ்கேனில் ஓரிரு இடத்தில் மட்டும் தெரிந்தால் இன்னொரு ஆபரேஷன் பயன் தருமா என்று ட்யூமர் போர்டில் (பல துறை டாக்டர்கள் கூடி ஆலோசிக்கும் குழு) வைக்கச் சொல்லுங்கள். வயிறு உப்புவது, இரண்டு வாய் சோற்றிலேயே நிறைந்துவிடுவது, வாந்தியோடு காற்றுப் பிரியாமல் இருப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது குடல் அடைப்பாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.