தட்டான் தாழப் பறந்தால் மழை வருமா?

கேள்வி: மொட்டை மாடியில் வடகம் காயும்போது தட்டான்கள் தாழப் பறந்தால், "மழை வரப்போகிறது, எடுத்து வை" என்பார் என் மாமியார். பல தடவை அப்படியே நடந்திருக்கிறது. எறும்பு, ஈசல் பற்றியும் இவ்வாறு சொல்கிறார்களே, உண்மையா?
- வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: உங்கள் மாமியாரின் கவனிப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், வரப்போகும் மழை தட்டானுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது என்று கொள்ள வேண்டியதில்லை. தட்டான், பறந்தபடியே கொசு போன்ற சிறு பூச்சிகளைக் கால்களால் அள்ளிப் பிடித்துத் தின்பது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அப்பூச்சிகள் தரையை ஒட்டித் திரளும்போது, இரையைத் தேடித் தட்டானும் இறங்குகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஈரக்காற்றில் இறகு கனத்துவிடுவதாகச் சொல்வாரும் உண்டு. எப்படியிருந்தாலும், அந்த அறிகுறியை நம்பி வடகத்தை எடுத்து வைக்கலாம். நாற்றங்கால் விடும் நாளைக் குறிக்க முடியாது.

பருவமழைக்கும் தட்டானுக்கும் மெய்யாகவே உறவு உண்டு. அது வேறு கதை. நன்னீர் நிலைகள் மிகவும் அரிதான மாலத்தீவின் பவளத் தீவுகளுக்கு, ஆண்டுதோறும் அக்டோபரில் தட்டான்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்கின்றன. அங்கே வசித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், அவை இந்தியாவிலிருந்து புறப்பட்டு, மழைப்பட்டையோடு நகரும் காற்றில் ஏறி, கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்று 2009-இல் எழுதினார். புதிதாகத் தேங்கிய மழைநீரில் முட்டையிடும் இனம் அது. ஆகவே மழை போகும் வழியிலேயே அதுவும் போகிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அந்த அக்டோபரில்தான்.

"எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறின் மழை பெய்யும்" என்ற பழமொழியை அவ்வளவு நம்ப முடியவில்லை. வெயில், இரை, புற்று கலைதல் எனப் பல காரணங்களால் எறும்புகள் இடம் மாறும். அவை தூக்கிச் செல்லும் வெள்ளை மணிகளும் பெரும்பாலும் முட்டைகளல்ல, புழுக்களும் கூட்டுப்புழுக்களுமே.

ஈசலோ பெரும்பாலும் மழை பெய்த பிறகே புறப்படுகிறது. இறகை உதிர்த்துவிட்டு இணையோடு மண்ணைத் துளைத்துப் புதுப் புற்றுத் தொடங்க, நிலம் நனைந்து இளகியிருக்க வேண்டும். காலையில் விளக்கடியில் நீங்கள் கூட்டித் தள்ளும் இறகுக் குவியல், அநேகமாக முன்பே பெய்த மழையின் கணக்குதான்.