செருக்கு: பாராட்டா, பழியா?

கேள்வி: பணி நிறைவு பெறும் எங்கள் தலைமையாசிரியைக்கு வாழ்த்து மடல் எழுதுகிறேன். ‘அம்மாவின் செருக்கு எங்களுக்குப் பாடம்’ என்று ஒரு வரி வைத்தேன். ‘செருக்கு என்றால் திமிர்தானே, எடுத்துவிடுங்கள்’ என்கிறார் உடன் பணிபுரிபவர். எடுத்துவிடவா?

பதில்: சொல்லை எடுக்க வேண்டாம், வரியை மாற்றுங்கள். தனியே நிற்கும் ‘செருக்கு’ இன்று பழியாகத்தான் காதில் விழும். ‘செருக்கித் திரிந்தான்’ என்று வினையாக வந்தாலும் அப்படியே. முன்னால் ஒரு சொல் சேரும்போதுதான் கதை மாறுகிறது.

குறளையே பாருங்கள். ‘செருக்குஞ் சினமும் சிறுமையும் இல்லார்’ என்று 431ஆம் குறள் அதைக் குற்றங்களில் முதலாவதாக வைக்கிறது. அதே நூலின் 78ஆம் அதிகாரத்துக்குப் பெயர் ‘படைச்செருக்கு’. பரிமேலழகர் இதற்குச் சொல்லும் பொருள் மறமிகுதி, அதாவது வீரம். காட்டு முயலை வீழ்த்திய அம்பை ஏந்துவதைவிட, யானைமேல் எறிந்து குறி தப்பிய வேலை ஏந்துவது இனிது என்கிறதே 772ஆம் குறள், அந்த மனநிலைதான் இந்தச் செருக்கு. வெற்றிகூட அதற்கு இரண்டாம்பட்சம்.

பாரதியின் புதுமைப் பெண்ணுக்கு அழகே ‘திமிர்ந்த ஞானச் செருக்கு’தான். அந்த வரி தமிழர் மனதில் ஊறிவிட்டதால், ‘ஞானச் செருக்கு’ என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் செல்வச் செருக்கு, பதவிச் செருக்கு இரண்டும் வசைதான். ‘கல்விச் செருக்கு’ என்றும் எழுதிவிடாதீர்கள். ஞானத்துக்குப் பக்கத்துச் சொல்போலத் தோன்றினாலும், படித்த திமிர் என்றே பொருள்படும்.

மாற்றுச் சொற்களில் ஆணவம், அகந்தை, மமதை, இறுமாப்பு எல்லாம் பழிக்கு மட்டுமே. ஆணவம் சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பிணிக்கும் மும்மலங்களில் (மூன்று அழுக்குகளில்) ஒன்று, அதைப் பாராட்டாக வளைக்கவே முடியாது. கர்வம் கொஞ்சம் இளகியது. ‘உன் அம்மா என்று சொல்வதில் எனக்குக் கர்வம்’ என்று சாதாரணமாகவே சொல்கிறோம். திமிரைச் செல்லமாகச் சொல்வதும் உண்டு, ஆனால் மேடைக்கு ஆகாது. மிடுக்கு பெரும்பாலும் நடைக்கும் தோற்றத்துக்கும் உரியது.

ஐயமே வேண்டாம் என்றால் ‘பெருமிதம்’ இருக்கிறது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதான மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றான அது கல்வி, தறுகண், இசைமை, கொடை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை: ஒரு நல்ல ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்!

ஆனாலும் உங்கள் மனம் செருக்கில்தான் நிற்கிறது என்று தெரிகிறது. எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது. இப்படி எழுதலாம்: ‘யார்க்கும் அஞ்சாத அம்மாவின் ஞானச் செருக்கு எங்களுக்குப் பாடம்.’ அச்சுக்குக் கொடுக்கும் முன் ‘ஞான’வுக்குப் பின் ‘ச்’ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.