வாசகர் கேள்வி – பதில்: கைசேகி விருந்துக்குப் போகுமுன்

கே: மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு அங்கே வரவழைத்து, கியோத்தோவில் 'கைசேகி' சாப்பிட அழைத்துப் போவதாகச் சொல்கிறான். அது நம்ம தலைவாழை இலைச் சாப்பாடு மாதிரியா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

ப: வகைகளின் எண்ணிக்கையில் வேண்டுமானால் ஒப்பிடலாம், முறை நேர் எதிர். நம் இலையில் தொடுகறிகள் எல்லாமே ஒரே சமயத்தில் விழும், சோறு நடுநாயகம். கைசேகி என்னும் ஜப்பானிய விருந்தில் ஒரு வகை முடிந்து தட்டு போனபிறகுதான் அடுத்தது வரும். சோறு கடைசியில்தான்.

வரிசை ஏறத்தாழ இப்படி: வாய்க்கு ருசி காட்டும் சின்னக் கிண்ணம், மூடி போட்ட தெளிந்த சூப், பச்சை மீன் துண்டுகள், 'ஹஸ்ஸுன்' என்னும் பருவத் தட்டு, சுட்டது, வேகவைத்த காய்கறி, சில இடங்களில் பொரித்ததும் காடி சேர்த்ததும். முன்பின் மாறலாம். இவை முடிந்ததும் சோறு, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப், ஊறுகாய் மூன்றும் சேர்ந்து வரும். அவை வந்துவிட்டால் மது பரிமாறுவது நின்றது என்று அர்த்தம். நம் பந்தியில் மோர் வருகிற கட்டம். பிறகு ஒரு துண்டு பழம். ஹஸ்ஸுன் என்றால் எட்டு 'சுன்'. ஒரு சுன் சுமார் 3 செ.மீ., ஆக 24 செ.மீ. சதுரத் தட்டு. அதில் மலையில் விளைந்தது ஒன்று, கடலில் கிடைத்தது ஒன்று இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு.

ஒரே உச்சரிப்பில் இரண்டு கைசேகி உண்டு. ஒன்று தேநீர்ச் சடங்குக்கு முன் தரும் எளிய உணவு. 16-ஆம் நூற்றாண்டில் தேநீர் முறையைச் செப்பனிட்ட சென் நோ ரிக்யூவின் வழியில் வந்தது. அதில் சோறும் சூப்பும் முதலிலேயே வந்துவிடும். மற்றது மதுவோடு நடக்கும் விருந்து. உங்கள் மகன் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது. இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். ஒவ்வொன்றும் இரண்டு வாய்தான். முதல் மூன்று தட்டிலேயே "இவ்வளவுதானா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், கடைசியில் சோறு மிஞ்சும்.

கே: நாங்கள் சுத்த சைவம். மீன் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்றால் கொடுப்பார்களா?
– ஒரு வாசகர், குன்னூர்

ப: துண்டை எடுத்துவிடலாம். மீன் போகாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஜப்பானிய சமையலின் அடித்தளம் 'தாஷி' என்னும் சாறு. கொம்பு என்ற கடற்பாசியும் (நம் ஊர்க் கொம்பு இல்லை!) கத்சுவோபுஷியும் சேர்த்து இறக்குவது. கத்சுவோபுஷி வேறொன்றுமில்லை, சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டைபோல் உலர்த்தி, இழைப்புளியில் சீவுவதுபோல் சீவியது. நம் கடலோரத்து மாசிக் கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி. சூப்பில் மட்டும் அது இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். முள்ளங்கி வேகுவது அதில், கீரை ஊறுவது அதில், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு அதில், பச்சை மீனுக்கு வைக்கும் சோயா சாஸில்கூடக் கலந்திருப்பார்கள். தட்டில் கண்ணுக்குத் தெரிவது கேரட்டும், டோஃபு என்னும் சோயாப் பால்கட்டியும்தான். உள்ளே மீன் சாறு.

அந்தச் சாறு அன்றைய சமையல் முழுவதற்கும் முன்கூட்டியே இறக்கி வைக்கப்படுகிறது. மாலை ஆறரைக்கு உட்கார்ந்துகொண்டு "நாங்கள் வெஜிடேரியன்" என்றால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. சொல்ல வேண்டியது முன்பதிவின்போது, குறைந்தது ஒரு வாரம் முன்னால். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் போதாது. அங்கே பலருக்கு அது இறைச்சி வேண்டாம் என்ற அளவில்தான் புரியும். இறைச்சி, மீன், முட்டை, கத்சுவோ தாஷி என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வாயால் சொல்வதானால்: "நிகு தோ சகனா தோ கத்சுவோ தாஷி வா தபேராரேமசேன்." இறைச்சியும் மீனும் கத்சுவோ தாஷியும் சாப்பிட முடியாது என்று பொருள். மகனிடம் சொல்லி ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. மிரின், சாக்கே இரண்டும் மதுவகை. சமையலில் தாராளமாக ஊற்றுவார்கள். அதுவும் ஆகாதென்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

சில கடைகள் "முடியாது" என்று பதில் அனுப்பும். கோபப்பட வேண்டாம், அது நேர்மையான பதில். எங்கள் யோசனை, கைசேகியை விட்டுவிட்டு 'ஷோஜின் ரியோரி'க்குப் போங்கள். புத்த மடாலய உணவு அது. இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது. சாறும் கொம்பு, உலர்ந்த ஷிதாகே காளானில்தான். வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு அங்கே வேலையே இல்லை. கியோத்தோ அராஷியாமாவில் தென்ர்யூ-ஜி கோயில் வளாகத்தில் உள்ள 'ஷிகெட்சு'வில் பகலில் கிடைக்கும். வசதிப்பட்டால் ஒசாகாவுக்குத் தெற்கே கோயா மலைக்குப் போய் ஓர் இரவு கோயில் விடுதியில் தங்குங்கள். சுமார் 800 மீட்டர் உயரம், 816-இல் கூக்காய் துறவிக்குக் கிடைத்த இடம். இரவும் காலையும் உணவு தருவார்கள். எள்ளை அரைத்து கூசு என்ற கிழங்கு மாவில் கிளறிக் கட்டிய 'கோமா தோஃபு' தவறவிடக்கூடாதது. 'கோயா தோஃபு' என்பது குளிர்காலப் பனியில் டோஃபுவை உறையவிட்டுப் பின் உலர்த்தியது. ஜனவரியில் உதகை அருகே தலைக்குந்தாவில் புல்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனியைப் பார்த்தவர்களுக்கு அந்த யோசனை எப்படித் தோன்றியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

ஜைன வாசகர்கள் கவனிக்க: ஷோஜினில் கிழங்கும் வேரும் நிறைய உண்டு.

கே: காரமே இருக்காதாமே. கொஞ்சம் இட்லிப் பொடி, ஒரு சின்ன டப்பா ஊறுகாய் கையில் கொண்டுபோகலாமா?
– ஒரு வாசகி, கூடலூர்

ப: கூடாது. விடுதி அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொடியைவிட முக்கியமாக இன்னொன்று. குளிருக்கு நெற்றியிலும் மூக்கிலும் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அன்று மாலை மட்டும் வேண்டாம். செண்டும், தலை நிறைய மல்லிகையும் அப்படியே. சூப்பின் மூடியைத் திறந்ததும் எழும் யூசு எலுமிச்சைத் தோலின் வாசனைதான் அந்த வகையின் பாதி. தைலம் பக்கத்து மேசைக்காரரின் பாதியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கே: எனக்கு முழங்கால் வலி. தரையில் மண்டியிட்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டுமா?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

ப: வேண்டாம். பதிவு செய்யும்போதே 'ஹோரிகொதாட்சு' இருக்கை கேளுங்கள். மேசைக்குக் கீழே பள்ளம் இருக்கும், காலைத் தொங்கவிடலாம். சாதாரண நாற்காலி மேசை உள்ள கடைகளும் உண்டு. பாய்த் தரைதான் என்றால், தொடக்கத்தில் ஒரு நிமிடம் மண்டியிட்டுவிட்டு ஆண்கள் சம்மணம் போட்டுக்கொள்ளலாம், பெண்கள் காலை ஒருபக்கமாக மடித்துக்கொள்ளலாம்.

செருப்பு வாசலிலேயே கழற்றப்படும். ஆகவே ஓட்டையில்லாத சாக்ஸ். பாயின் துணிக்கரையையும் நிலைப்படியையும் மிதிக்காமல் தாண்டிப் போங்கள். ஓவியமோ ஒற்றைப் பூவோ வைத்த மாடம் ஒன்று இருக்கும், அதில் பையை வைக்காதீர்கள். அதை ஒட்டிய இடம் மரியாதைக்குரிய விருந்தாளிக்கு; அறுபதாம் கல்யாணத் தம்பதி தயங்காமல் அங்கே உட்காரலாம். கழிவறைக்கெனத் தனிச் செருப்பு இருக்கும். அதை மாட்டிக்கொண்டே திரும்பி வந்து பாயில் ஏறுவதுதான் வெளிநாட்டார் அதிகம் செய்யும் பிழை.

கே: சூப் கிண்ணத்தின் மூடி திறக்க வராது என்கிறார்களே, உண்மையா? சாப்ஸ்டிக் பிடிப்பதில் வேறென்ன கவனிக்க வேண்டும்?
– ஒரு கல்லூரி மாணவி, உதகை

ப: உண்மை. சூடான சூப்பின் ஆவி குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து மூடி ஒட்டிக்கொள்ளும். மூடியை இழுத்தால் கிண்ணமும் சேர்ந்து வந்து மடியில் கொட்டும். இடது கையால் கிண்ணத்தின் இரு பக்கமும் மெல்ல அழுத்துங்கள். அரக்கு பூசிய மரம் லேசாக வளைந்து காற்று உள்ளே போகும். அப்போது வலது கையால் எடுங்கள். மூடியைச் சாய்த்து நீர்த்துளிகளைக் கிண்ணத்திலேயே வடியவிட்டு, மல்லாத்தி ஓரமாக வையுங்கள். குடித்து முடித்ததும் வந்தபடியே மூடிவிடுங்கள். அரக்குப் பாத்திரத்தில் கீறல் விழும் என்பதால் கல் வைத்த மோதிரத்தையும் தொங்கும் வளையலையும் முன்பே கழற்றிவிடுவது நல்லது.

நம் வழக்கத்தில் இடது கை சாப்பாட்டைத் தொடாது. அங்கே அது சும்மா இருந்தால்தான் தவறு. சின்னக் கிண்ணத்தை இடது கையில் ஏந்தி வாயருகே கொண்டுவர வேண்டும். பெரிய தட்டுகளை மட்டும் தூக்கக்கூடாது. சொட்டாமலிருக்க உள்ளங்கையைக் கீழே பிடிப்பது மரியாதை என்று நமக்குத் தோன்றும், அங்கே அது நயமில்லை, கிண்ணத்தையே பிடியுங்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நடுவதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் சாவுச் சடங்கை நினைவூட்டும். தகனம் முடிந்து எலும்பை அப்படித்தான் கைமாற்றி எடுப்பார்கள். அடியோடு தவிர்க்கவும். குச்சி பழகவே இல்லையா, ஸ்பூன் கேளுங்கள். அதில் வெட்கமில்லை.

கே: ஒரு ஆளுக்கு 20,000 யென் என்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்? டிப்ஸ் வேறு கொடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், பெருமாள்மலை

ப: டிப்ஸ் கிடையாது. மேசையில் வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். ஆனால் 10 சதவீத வரியும், பல கடைகளில் 10 முதல் 15 சதவீத சேவைக் கட்டணமும் சேரும். அறிவித்த விலையில் அவை அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேல். இரவு விருந்து 15,000 முதல் 30,000 யென், அதற்கு மேலும் உண்டு. பகலில் பல கடைகளில் 5,000 முதல் 10,000-க்குள் முடியும். முதல் முறை போகிறவர்கள் பகலில் போவதே கெட்டிக்காரத்தனம். வரமுடியாமல் போனால் முன்பே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ரத்து செய்தால் முழுத் தொகையும் கேட்பது வழக்கம். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வகைகள் புறப்படுவதால் பத்து நிமிடத் தாமதமும் அடுப்படியைக் குலைக்கும். சின்னக் குழந்தைகளை அனுமதிக்காத கடைகளும் உண்டு.

விலைக்கு என்ன காரணம் என்றால், கைவேலையும் பருவமும். கியோத்தோவின் கோடைக்கால மீன் ஹமோ, உடம்பெல்லாம் நுண்முள். அதை உருவ முடியாது. தோல் அறுபடாமல், ஒரு சுன் நீளத்துக்கு 24 வெட்டு என்று கணக்குச் சொல்வார்கள், முள்ளை மட்டும் நறுக்கிக்கொண்டே போக வேண்டும். பருவத்தையும் மூன்றாகப் பிரிப்பார்கள்: 'ஹஷிரி' முதல் வரவு, 'ஷுன்' உச்சம், 'நகோரி' விடைபெறும் நேரம். பிளம்ஸ் சீசனில் முதல் கூடைக்கும் கடைசிக் கூடைக்கும் ருசி வேறு என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அங்கே அந்த வேற்றுமைக்குத்தான் காசு.

கே: தாஷியை இங்கே வீட்டிலேயே சைவமாகச் செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகி, லவ்டேல்

ப: தாராளமாக. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு, மூன்று உலர்ந்த ஷிதாகே போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். கொம்பின் மேலுள்ள வெள்ளைப் பொடி பூஞ்சை அல்ல, கழுவாமல் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். காலையில் சிறு தீயில் ஏற்றி, பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழ் வந்ததும் கொம்பை எடுத்துவிடுங்கள். கொதித்தால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும். காளான் மூன்றுக்கு மேல் போட்டால் அதன் வாசனை மட்டுமே மிஞ்சும். உப்பு ஒரு டீஸ்பூன், சோயா சாஸ் ஒரு டீஸ்பூன், முடிந்தது. 1908-இல் கிகுனாயே இகேதா என்ற வேதியியலாளர் கொம்புச் சாற்றிலிருந்துதான் அதன் சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார்.

முள்ளங்கியை இரண்டரை செ.மீ. கனத்தில் வட்டமாக நறுக்கி, விளிம்பைச் சீவி மழுக்குங்கள். இல்லையென்றால் வேகும்போது ஓரம் உடையும். அரிசி களைந்த தண்ணீரில் முதலில் வேகவைத்தால் காட்டம் போகும். சமவெளியில் அரை மணி என்றால், 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிப்பதால் முக்கால் மணி ஆகலாம். அவசரப்பட்டு குக்கரில் வைத்தால் குழைந்துவிடும். பிறகு தாஷியில் கொஞ்சம் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். ருசி உள்ளே இறங்குவது ஆறும்போதுதான்.

கே: தேயிலை விவசாயி நான். கடைசியில் தரும் மட்சா நம் டீ மாதிரி அல்ல என்கிறார்களே?
– ஒரு வாசகர், கட்டபெட்டு

ப: செடி ஒன்றுதான். பறிப்பதற்கு முன் மூன்று நான்கு வாரம் நிழல்வலை போட்டு, இலையை ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் இயந்திரத்தில் மாவாக அரைப்பார்கள். 2 கிராம் பொடிக்குச் சுமார் 70 மி.லி. வெந்நீர், 80 டிகிரி. மூங்கில் துடைப்பத்தால் நுரைக்க அடிப்பார்கள். பால், சர்க்கரை கேட்காதீர்கள். கூடவே தரும் இனிப்பை முதலில் முழுக்கத் தின்றுவிட்டுத்தான் கிண்ணத்தை எடுக்க வேண்டும், மாற்றி மாற்றி அல்ல. கிண்ணத்தின் அழகிய முகம் உங்களைப் பார்த்து வைக்கப்படும். அதன்மேல் வாய் வைக்காமல், வலப்பக்கமாக இரண்டு முறை சற்றுத் திருப்பிவிட்டு, மூன்று நான்கு மிடறில் குடித்துவிடுங்கள். ஆறவிட்டால் பொடி அடியில் தங்கிவிடும்.